மனையுறை சேவல்: இளஞ்சேவல் வளர்ப்பின் வரலாறு பற்றிய ஓர் ஆராய்ச்சி

தமிழ் இலக்கியத்தில் சேவலை நாம் பெரும்பாலும் இரண்டு இடங்களிற் காண்கிறோம். ஒன்று முருகவேளின் கொடி, மற்றொன்று போர்க்களம். கொடியில் நின்ற சேவலைப் பற்றியும் களத்தில் நின்ற சேவலைப் பற்றியும் எழுதியோர் பலர். ஆயின், கொடிக்கும் களத்திற்கும் செல்லுமுன் அப்பறவை எங்கே வளர்ந்தது, யார் அதனை வளர்த்தனர், உடன்பிறந்த பிறவற்றுள் அஃது ஒன்று மட்டும் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படவில்லை. சேவல் முதலில் ஒரு வீட்டின் புழைக்கடைப் பறவை. அதன் வரலாறு அங்கிருந்தே தொடங்கற்பாலது.

இங்கே ஓர் எளிய கணக்கை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒரு கோழி 21 நாள் அடைகாத்துப் பன்னிரண்டு குஞ்சு பொரித்ததெனின், அவற்றுள் ஏறத்தாழச் செம்பாதி ஆணாகும். ஒரு குடும்பம் வளர்க்கும் சிறு கூட்டத்திற்கு வேண்டுவதோ ஒரு சேவல், மிகுந்தால் இரண்டு. எஞ்சிய ஆண் குஞ்சுகள் வளர வளர ஒன்றோடொன்று பொரும், பெடைகளை அலைக்கும், தவசத்தையும் தின்று தீர்க்கும். ஆகவே கோழி வளர்க்கும் ஒவ்வொரு வீடும் ஒவ்வோர் ஈட்டின்போதும் ஒரு முடிவு செய்தே ஆகவேண்டும். எதனை வைத்துக்கொள்வது, எதனை விற்பது, எதனை அறுப்பது, எதனைத் தெய்வத்திற்கு நேர்வது? கோழி மனைக்கு வந்த நாள்தொட்டு இம்முடிவு இடையறாது செய்யப்பட்டு வந்துள்ளது. இன்று நாம் நாட்டுச்சேவல் என்று காண்பது இம்முடிவுகளின் திரண்ட பயனே. இம்முடிவுகளின் சுவடுகளை நம் பழைய நூல்களிலும் கல்லிலும் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர்கள்

தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் என்பனவற்றை வகைப்படுத்திக் கூறுகிறது. பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரண்டும் உரியன. மயில் ஒழிந்த பறவைகளின் ஆண் சேவல் எனப்படும். அளகு என்னும் பெண்பாற் பெயர் கோழிக்கும் கூகைக்குமே உரியது. இவ்வகைப்பாட்டில் ஒன்று நோக்கத்தக்கது. இளமைப் பெயர்கள் ஆண் பெண் வேறுபாடு காட்டுவன அல்ல. சேவல் என்னும் பெயரோ வளர்ச்சி முற்றிய ஆணையே நினைவூட்டுவது. பிள்ளை என்பதற்கும் சேவல் என்பதற்கும் இடைப்பட்ட பருவத்திற்கு, அஃதாவது கொண்டை சிவக்கத் தொடங்கிக் குரல் உடையும் அந்த நாலைந்து திங்களுக்கு, மரபியலிற் பெயரில்லை.

அக்குறையைப் பேச்சு வழக்கு நிரப்பியிருக்கிறது. முட்டையிடத் தொடங்காத இளங்கோழியை விடைக்கோழி என்றும், அதே பருவத்து ஆணை விடைச்சேவல் என்றும் நாட்டுப்புறத்தார் வழங்குவர். 'வெடைச்சேவல்' என்பது அதன் திரிபு. நாட்டுக்கோழி வகைகளைச் சிறுவிடை, பெருவிடை எனப் பிரித்துரைப்பதிலும் இச்சொல்லே பயில்கிறது. புலவர் பெயரிடாது விட்ட பருவத்திற்கு வளர்ப்போர் பெயரிட்டிருத்தல் இயல்பே. அந்தப் பருவத்திற்றான் அவர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

காடும் மனையும்

மனைக்கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி என்பது 1868 இல் சார்லசு டார்வின் வெளியிட்ட வளர்ப்புயிர் பற்றிய நூலிலேயே வற்புறுத்தப்பட்டது. 2020 இல் 863 கோழிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, அம்மூதாதையின் இருப்பிடத்தைத் தென்மேற்குச் சீனம், வடதாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளிற் கண்டது. 2022 இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஐயத்திற்கு இடமின்றி வளர்ப்புக்கோழி எனத்தக்க எலும்புகளுட் பழமையானவை தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்துக் கிடைத்தவை என்றும், அவற்றின் காலம் கி.மு. 1650 முதல் 1250 வரை என்றும் கூறியது. நெல்லும் தினையும் விளைந்த நிலத்தை நாடிவந்த காட்டுக்கோழியே மனிதனோடு நெருங்கிற்று என்பது அவ்வாய்வாளர் கருத்து. கூண்டு வைத்துப் பிடிக்கப்பட்டதன்று. தவசம் தேடித் தானே வந்தது என்க.

இவ்வளவில் தமிழகத்துக் காட்டிற்கு இதில் இடமில்லை போலத் தோன்றும். ஆனால் சங்கப் பாடல்களில் வரும் கானங்கோழியை உற்றுநோக்கின் ஒரு தொடர்பு புலப்படும். குறுந்தொகை 242 ஆம் பாட்டில் முல்லைப் புறவில் நிற்கும் கானங்கோழிச் சேவலின் கழுத்து ஒளிபொருந்திய பொறிகளை உடையது. புதரினின்று வழியும் மழைத்துளி அக்கழுத்தில் உறைக்கிறது. நற்றிணை 21 ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் காட்டும் கானவாரணமும் நுண்ணிய பல பொறிகளை உடையதே. வடக்கிலும் வடகிழக்கிலும் வாழும் செந்நிறக் காட்டுக்கோழியின் கழுத்து பொன்னும் செம்மையும் கலந்த ஒரே பரப்பு. அதில் பொறி இல்லை. பொறியுள்ள கழுத்து, தென்னாட்டுக் காடுகளிலும் மேற்கு மலைத்தொடரிலும் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழிக்கே உரியது. அதன் கழுத்து இறகுகளில் வெண்மையும் மஞ்சளுமாய் மெழுகு பூசியதுபோன்ற புள்ளிகள் விளங்கும். எனவே நம் புலவர் பாடியது இப்பறவையையே எனத் துணியலாம். கண்டதைக் கண்டவாறு பாடினர் என்று பொதுப்படக் கூறி அமைவதினும் இத்தகைய ஒரு சான்று வலியுடையது.

டார்வின் இத்தென்னாட்டுக் கோழியை வளர்ப்புக்கோழியின் மூதாதையருட் சேர்த்திலர். ஆயின் 2008 இல் வெளியான மரபணு ஆய்வொன்று, வளர்ப்புக்கோழிகள் பலவற்றிற் காணும் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு செந்நிறக் காட்டுக்கோழியினின்று வந்ததன்று; சாம்பல்நிறக் காட்டுக்கோழியினின்று வந்தது என்று நிறுவியது. மருதன் இளநாகனார் கண்ட பறவையின் குருதி, உலகின் எத்தனையோ முற்றங்களில் மஞ்சள் கால்களாய் நடந்து திரிகிறது.

முற்றமும் மகளிரும்

காட்டினின்று மனைக்கு வருவோம். சங்க இலக்கியத்தில் மனைக்கோழியை வளர்ப்பார் மகளிர். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து அகன்ற முற்றத்தில் நெல் உலர்கிறது. அதனைக் கவர வரும் கோழியை நோக்கி மகளிர் தம் காதிற் கிடந்த பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேரின் வழியைத் தடுக்கிறது. உருத்திரங்கண்ணனார் நகரின் செல்வம் கூறவே இதனைப் பாடினார். நமக்கோ அங்கே வேறொன்றும் தெரிகிறது. பொற்குழை அணியும் வீட்டிலும் கோழி உண்டு. அதனை ஓட்டுதல் பெண்டிர் வேலை. உலரும் நெல்லே கோழியை முற்றத்திற்கு இழுக்கிறது. தாய்லாந்து எலும்புகளை ஆய்ந்தோர் கூறும் செய்தியை இக்காட்சியோடு வைத்துப் பார்த்தல் சுவையுடைத்து.

குறுந்தொகை 139 இல் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் முற்றத்தில் செல்வம் இல்லை, அச்சம் உண்டு. மாலையில் வேலியருகே வெருகு வந்துவிட்டது. குறுங்காற் பெடை, புகலிடம் அறியாது கூடிநிற்கும் தன் பிள்ளைகளை அழைத்துக் கூவுகிறது. இதைப் பாடியவர் ஒரு பெண்பாற் புலவர் என்பதை மறத்தலாகாது. மாலைப்பொழுதிற் குஞ்சுகளை எண்ணிப் பஞ்சாரத்தில் அடைத்தறியாதவர்க்கு இவ்வுவமை தோன்றுதல் அரிது.

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு சிக்கல் எழுகிறது. மருதநிலத்துப் பேரூரில் பாணர்க்கு வெண்ணெற் சோற்றோடு மனையில் வாழும் அளகின் வாட்டும் கிடைக்கும் என்கிறது அப்பாட்டு. அளகு என்பது பெடை. மேலே கூறிய கணக்கின்படி அறுக்கப்பட வேண்டியது மிகுந்து நிற்கும் இளஞ்சேவலன்றோ? முட்டையிடும் பெடையை எவரும் எளிதில் அறுக்கமாட்டார். இதனை ஓசை நோக்கி இட்ட சொல் என்று தள்ளிவிடலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பசியை அறியாத ஊர் என்று அவ்வூரைச் சிறப்பிக்கும் இடத்திற்றான் இவ்விருந்து வருகிறது. இளஞ்சேவலை அறுத்தல் எவர்க்கும் இயலும்; பெடையை அறுத்தல் குறைவில்லாத வீட்டார்க்கே இயலும். விருந்தின் பெருமையை ஒரு பாற்சொல்லாற் காட்டினார் புலவர் எனக் கொள்ளுதல் பொருந்தும். இன்றும் சிற்றூர்களில் வந்த விருந்தினர்க்கு முட்டைக்கோழியை அறுத்தார்கள் என்றால் அது தனித்துச் சொல்லிக்கொள்ளும் செய்தியே.

இளஞ்சேவலின் பருவங்கள்

ஐந்தாறு கிழமையில் ஆண் குஞ்சின் கொண்டை பெடைக்குஞ்சினதினும் முந்திச் சிவக்கும். தாய் அதன்பின் சில கிழமையளவே குஞ்சுகளைத் தன்னோடு வைத்திருக்கும். பிறகு கொத்தி விரட்டிவிடும். விரட்டப்பட்ட குஞ்சுகளின் கழுத்திலும் இடுப்பிலும் கூரிய நீண்ட இறகுகள் தோன்றினால் அவை சேவல் என்பதில் ஐயமில்லை. நாலைந்து திங்களில் முதற் கூவல் எழும். அது கூவல் என்று சொல்லத்தக்கதன்று. தொண்டை கட்டியவன் பாட முயல்வது போன்றது. காலில் முள் வளர்தல் அதற்கும் பிந்தியது.

இப்பருவத்தில் உடன்பிறந்த இளஞ்சேவல்கள் தமக்குள் பொரும். நேற்றுவரை ஒரே இறக்கைக்கீழ் உறங்கியவை இன்று குப்பைமேட்டில் எதிரெதிர் நின்று கழுத்திறகை விரிக்கும். பொருது முடிந்தபின் இன்னது முதல், இன்னது அடுத்தது என ஒரு வரிசை அமையும். அமைந்தபின் பெரும்போர் அருகும். இவ்வரிசை முறையை முதன்முதல் அறிவியல் நெறியில் விளக்கியவர் நார்வே நாட்டு அறிஞர் செல்டெரூப் எப்பே. சிறுபருவந்தொட்டே கோழிகளை நோக்கிக் குறித்துவந்த அவர் தம் முடிவுகளை 1922 இல் வெளியிட்டார். விலங்குக் கூட்டங்களின் தலைமை பற்றிய பிற்கால ஆய்வுகள் பலவற்றிற்கும் வித்தாய் அமைந்தது கோழிகளைப் பற்றிய இந்நோக்கே.

இதனை மனத்திற்கொண்டு குறுந்தொகை 305 ஆம் பாட்டைப் படித்தல் வேண்டும். அதனைப் பாடியவர்க்கு இயற்பெயர் நமக்கு எட்டவில்லை. தாம் கூறிய உவமையால் குப்பைக்கோழியார் என்றே பெயர் பெற்றார். காமநோய் தன்னை வருத்துகிறது, அதனைக் களைவார் இல்லை, குப்பைக்கோழிகளின் தனிப்போர் போலத் தானே அடங்கினாலன்றி அடங்காது என்கிறாள் தலைவி. இவ்வுவமையை வெறும் கோழிச்சண்டை என்று கொள்ளின் அதன் கூர்மை மழுங்கிவிடும். களத்தில் நிகழும் போருக்கு ஊக்குவார் உண்டு, விலக்குவார் உண்டு, காண்பார் உண்டு. குப்பைமேட்டுப் போருக்கு இவருள் ஒருவரும் இல்லை. அங்ஙனம் பொருவன பெரும்பாலும் ஒரு வீட்டில் உடன்வளர்ந்த இளஞ்சேவல்களே. வீட்டார் விலக்கினால் நாளை மீண்டும் பொரும். வரிசை அமையும்வரை ஓயா. கோழி வளர்த்தோர் இதனை நன்கறிவர், ஆதலின் விலக்குவதில்லை. விலக்குவார் இன்மை என்பது இரக்கமின்மையன்று, விலக்கிப் பயனின்மை. தலைவியின் நோயும் அத்தகையதே. அறிவியல் 1922 இல் கூறியதைக் குப்பைக்கோழியார் முன்பே கூறிவிட்டார் என்று பெருமை பேசுவது நம் கருத்தன்று. அவர் கூறியது வேறு. ஆயின் அதனைக் கூறுமளவுக்குப் புழைக்கடையைக் கூர்ந்து நோக்கியிருந்தார்.

வைகறைக் குரல்

இளஞ்சேவலை வீட்டில் வைத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் அதன் குரல். மதுரைக்காஞ்சியில் பொறிமயிர் வாரணம் வைகறையை அறிவிக்கிறது. பரிபாடல் திரட்டில் உள்ள ஒரு பாட்டு வஞ்சியும் கோழியும் சேவற்குரலால் துயிலெழும் என்றும், மதுரையோ மறையோதும் குரலால் எழும் என்றும் தன் ஊரை உயர்த்துகிறது. கோழி என்பது உறையூர்க்கும் பெயராதலின் அங்கே சொல் விளையாட்டும் உண்டு. பாடியவர் நோக்கம் மதுரையின் சிறப்பாயினும், ஏனை இரு தலைநகர்களும் கோழிக்குரலால் விழித்தன என்னும் செய்தி நமக்கு எஞ்சுகிறது.

அக்குரலை வெறுத்தாரும் உளர். அள்ளூர் நன்முல்லையார் பாடிய குறுந்தொகை 157 இல், குக்கூ என்னும் ஒலி கேட்ட அளவிலே தலைவியின் நெஞ்சம் திடுக்கிடுகிறது. காதலரைப் பிரிக்கும் வைகறை வாளாகிறது. 107 ஆம் பாட்டில் மதுரைக் கண்ணனாரின் தலைவி இன்னும் ஒருபடி சென்று, தன்னைத் துயிலெழுப்பிய சேவலை நோக்கி, நள்ளிருளில் இல்லத்து எலி தேடும் வெருகிற்கு நீ நெடுநாளைக்கு இரையாகுக எனச் சபிக்கிறாள். அந்தச் சேவலைப் புலவர் கூட்டத்தோடு கூடிய சேவல் என்கிறார். சப்பான் நாட்டு நகோயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013 இல், ஒளி மாறாத அறையிலும் சேவல் தன் உள்ளுணர்வுக் கடிகாரத்தால் உரிய நேரத்திற் கூவுதலை நிறுவினர். 2015 இல், கூட்டத்தில் முதலிடம் பெற்ற சேவலே முதலிற் கூவும், ஏனையவை தத்தம் வரிசைப்படி பின்னர்க் கூவும் எனக் கண்டனர். எனவே ஒரு வீட்டில் முதலில் எழும் குரல் கூட்டத்தை உடைய சேவலின் குரலே. விடைச்சேவல் விடியலை அறிந்திருந்தும் தன் முறை வரும்வரை வாய்மூடி நிற்கும்.

களத்திற்குச் சென்ற சேவல்

போர்ச்சேவலைத் தனியே ஓர் இனமாக, மனைக்கோழிக்குப் புறம்பானதாகக் கருதும் வழக்கம் ஆராய்ச்சியாளரிடையே உண்டு. இது பிற்கால நிலையை முற்காலத்தின்மேல் ஏற்றிக் காண்பதாகும். அகநானூறு 277 இல், வேனிலில் மலர்ந்த முருக்கின் செம்பூங்கொத்திற்குப் போர்புரியும் சேவலின் கழுத்து உவமையாகிறது. அச்சேவலைப் புலவர் மனையில் உறைவது என்றே அடைகொடுத்துப் பாடுகிறார். மறம் உடையது என்பதும் அதற்கே அடை. மாசாத்தியார் பாட்டிற் குறுங்காற் பெடை உறையும் அதே மனையிற்றான் இதுவும் உறைகிறது.

இதற்குக் கல்லிலும் சான்றுண்டு. விழுப்புரம் பகுதியில் அரசலாபுரத்திலும், திண்டிவனப் பகுதியில் இந்தளூரிலும் போரிற்பட்ட சேவலுக்கு எடுத்த நடுகற்கள் கிடைத்துள்ளன. சேவலின் உருவமும் வட்டெழுத்தும் பொறித்த இக்கற்களை ஏறத்தாழக் கி.பி. 5, 6 ஆம் நூற்றாண்டினவாகக் கொள்வர். ஆநிரை மீட்டு வீழ்ந்த வீரர்க்குக் கல் நடுதல் நாம் அறிந்ததே. ஒரு பறவைக்கும் அச்சிறப்பினைச் செய்தனர் என்பது வியப்பே. ஆயின் அதனினும் ஆராயத்தக்கது, அக்கற்களில் சேவல் எவ்வாறு அடையாளம் காட்டப்படுகிறது என்பது. ஒன்று முகையூர் மேற்சேரிக்கு உரியது; மற்றொன்று கீழ்ச்சேரிக் கோழி. சேரி என்பது அக்காலத்தில் ஊரின் பகுதி, மக்கள் சேர்ந்து வாழும் தெரு. அரசன் பெயரால் அச்சேவல் அறியப்படவில்லை. அது தெருவின் சேவல். தெருவின் சேவலெனின் அத்தெருவில் ஏதோ ஒரு வீட்டின் புழைக்கடையில் வளர்ந்ததாதல் வேண்டும். அதனோடு பொரித்த ஏனைய ஆண் குஞ்சுகள் விருந்துக்கோ சந்தைக்கோ போயிருக்கும். ஒன்று நின்றது, பொருதது, கல்லாயிற்று.

சிலப்பதிகாரம் உறையூரைக் கூறுமிடத்து, யானையைப் பொருது வென்ற சேவலின் கதையைக் குறிப்பாற் காட்டுகிறது. வாரணம் என்னும் ஒரு சொல் யானைக்கும் கோழிக்கும் உரியதாதலை இளங்கோவடிகள் அங்கே நயம்படப் பயன்படுத்துகிறார். சோழர் தலைநகர் கோழி எனப் பெயர் பெற்றதற்கு அக்கதையே காரணம் கூறப்படும். புறப்பொருள் வெண்பாமாலையோ ஒழிபில் கோழி வென்றியைத் தகர், யானை, பூழ், சிவல் ஆகியவற்றின் வென்றிகளோடு ஒரு துறையாகவே வகுத்துவிட்டது. பிற்காலத்தில் சேவலின் நிறத்தையும் நாளையும் கொண்டு வெற்றியை முன்னறியும் முயற்சியில் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்னும் ஐந்தையும் கொண்ட பஞ்சபட்சி முறையும் வந்து சேர்ந்தது. களத்தின் கலை வளர வளர, சேவலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முற்றத்துப் பெண்ணிடமிருந்து களத்து ஆணிடம் சென்றது என்று கருத இடமுண்டு. 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளைப் போருக்குத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. 2014 இல் உச்சநீதிமன்றம் ஏறுதழுவல் வழக்கில் அச்சட்டத்தை விரித்துரைத்தபின் சேவற்போர் பற்றிய வழக்குகளும் பெருகின.

நேர்ந்துவிட்ட சேவல்

திருமுருகாற்றுப்படையில் சேவல் கொடியிலும் நிற்கிறது. வழிபடும் இடத்திற் கொடியாக நிறுத்தவும் படுகிறது. ஊர்த்தெய்வங்கட்குச் சேவலை நேர்ந்துவிடும் வழக்கம் இன்றும் உண்டு. 1950 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விலங்கு, பறவைப் பலித்தடைச் சட்டம் நெடுங்காலம் ஏட்டளவில் இருந்து, 2003 இல் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டு, 2004 இல் நீக்கப்பட்டது. இங்கு நாம் கருதுவது பலியின் நன்மை தீமையன்று; வளர்ப்பின்மேல் அதன் விளைவு.

குழந்தைக்கு நோய் வந்த அன்று ஒரு தாய் முற்றத்தில் திரியும் விடைச்சேவல் ஒன்றைத் தெய்வத்திற்கு என்று நேர்ந்துகொள்கிறாள். அன்றுமுதல் அச்சேவலுக்கு விலையில்லை. விருந்தினர் வந்தாலும் அதை அறுக்கார். வணிகன் கேட்டாலும் கொடார். திருவிழா வரை ஓராண்டோ ஈராண்டோ அது முற்றத்தில் வாழும். அவ்வளவு காலமும் அக்கூட்டத்துப் பெடைகட்கெல்லாம் அதுவே துணை. எனவே அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் பலவும் நேர்ந்துவிட்ட சேவலின் வழியினவே. உடற்குறையுள்ள சேவலைத் தெய்வத்திற்கு நேர்தல் ஆகாது என்னும் கொள்கையையும் இதனோடு சேர்த்தால், எவரும் திட்டமிடாமலே ஒரு தேர்வு முறை இயங்கியது புலனாகும். சாவுக்கென்று குறிக்கப்பட்ட சேவலே மிகுதியும் வழித்தோன்றல் பெற்றது.

முற்றத்தின் தேர்வு

இக்கட்டுரையாளரின் பாட்டியார் கோழி வளர்த்தவர். ஓர் ஈட்டில் எச்சேவலை நிறுத்துவது என்பதை அவர் ஒருவரே முடிவு செய்வார். காலின் பருமனையும் கொண்டையின் அமைப்பையும் அவர் நோக்காமலில்லை. ஆயினும் அவர் முடிவு பெரும்பாலும் வேறொன்றைச் சார்ந்திருந்தது. கைப்பிடிக் கம்பை விடைச்சேவல்களுக்கு நடுவே எறிந்துவிட்டு நிற்பார். தானே விழுங்குவதை விற்றுவிடுவார். தலையைத் தாழ்த்திக் 'கொக், கொக்' என்று பெடைகளை அழைத்துவிட்டுத் தான் பின்வாங்கி நிற்பதை வைத்துக்கொள்வார். 'கூப்பிட்டுக் கொடுக்கிற சேவல்' என்பது அவர் சொல். அத்தகைய சேவலைச் சார்ந்த பெடைகள் புழைக்கடையை விட்டு அகலா, முட்டையை வேற்றிடத்தில் இடா என்பது அவர் கூறிய காரணம்.

இதனை நினைக்குந்தோறும் நற்றிணை 21 ஆம் பாட்டே முன்வருகிறது. மழைநீர் வடிந்த ஈரமணலைக் கிளைத்துப் பெற்ற இரையைக் கானவாரணம் தான் உண்ணாமல், தன் பேடையை நோக்கி நிற்கிறது. அந்நிலையைப் பெருந்தகைமை உடையது என்று போற்றுகிறார் புலவர். வினைமுற்றி மீளும் தலைவன் தேர்ப்பாகனுக்கு அதனைக் காட்டுகிறான் என்பதும் கருதத்தக்கது. களத்தார் போற்றியது கொல்லும் சேவலை. மருதன் இளநாகனாரும் முற்றத்துப் பெண்டிரும் போற்றியது கொடுக்கும் சேவலை. இருவகைத் தேர்வும் தமிழகத்தில் ஒருங்கே இயங்கின. முதலாவதற்கு நடுகல்லும் துறையும் நூலும் எஞ்சின. இரண்டாவதற்கு ஒரு பாட்டும் வாய்மொழியுமே எஞ்சியுள்ளன.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விரண்டும் தளர்ந்தன. 1928 இல் இராணிக்கெட்டு என்னும் மலையூரின் பெயரால் விளக்கப்பட்ட வெள்ளைக்கழிச்சல் நோய் புகுந்த ஊர்களில் ஒரே கிழமையில் முற்றங்கள் வெறிச்சோடின. 1952 இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டக் காலத்தில், நாட்டுச்சேவலை அகற்றி வெள்ளை லெகார்ன், ரோடு தீவுச் சிவப்பு முதலிய அயலினச் சேவல்களை ஊர்தோறும் வழங்கி இனத்தை உயர்த்த முயன்றனர். முட்டை பெருகியது. ஆனால் எச்சேவலை நிறுத்துவது என்னும் முடிவு அன்று முதன்முதலாக வீட்டுக்கு வெளியே சென்றது. பின்னர்ப் பொரிப்பகங்கள் எழுந்தபோது முட்டையினத்து ஆண் குஞ்சுக்கு விடைப்பருவமே இல்லாமற் போயிற்று; பொரித்த நாளிலேயே அது பிரித்தெடுக்கப்பட்டு அழிக்கப்படுகிறது. செருமனி 2022 சனவரி முதல் இதனைச் சட்டத்தால் தடுத்துள்ளது.

நம் ஊர்களில் அவ்வாறு ஒதுக்கப்பட்ட ஆண் குஞ்சுகளுட் சில, பச்சையும் ஊதாவுமாகச் சாயம் தோய்க்கப்பட்டுக் கூடையில் தெருவுக்கு வருகின்றன. சிறுவர் சில காசு கொடுத்து வாங்கி வளர்க்கின்றனர். பெரும்பாலன பிழைப்பதில்லை. பிழைத்தது சாயம் உதிர்ந்து, வெள்ளிறகு முளைத்து, நாலைந்து திங்களில் கரகரத்த குரலிற் கூவும். தன்னை வளர்த்த தாய்க்கோழியையே அது கண்டதில்லை. எனினும் சிறுவன் எறிந்த அரிசியைக் கண்டதும், அழைப்பதற்கு ஒரு பெடையும் இல்லாத முற்றத்தில், தலையைத் தாழ்த்திக் 'கொக், கொக்' என்று அது கூப்பிடுவதை நான் கண்டிருக்கிறேன்.